உட்பக்கத்து எலும்பு

எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயிலில் பெரிய வியாழக்கிழமை பின்னேரம் பன்னிரண்டு ஆம்பிளைகளின் கால்களைச் சுவாமியார் கழுவுவார். அவர்களுக்குப் பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று பெயர். வெள்ளை வேட்டியும் தோளில் சிவப்புப் பட்டியுமாகப் பீடத்துக்கு முன்னால் வாங்கில் வரிசையாக உட்கார்ந்து வலது காலை நீட்டுவார்கள். சுவாமியார் முழங்காலில் நின்று தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிடுவார். ஆண்டவருடைய தாழ்ச்சியை நினைப்பதற்காக வைத்த சடங்கு. எங்கள் ஆட்கள் அதையும் ஒரு கண்காட்சி ஆக்கிவிட்டார்கள். தெரிவானவர்கள் தவக்காலம் முழுவதும் செங்கல் துண்டால் குதியைத் தேய் தேய் என்று தேய்ப்பார்கள். யாருடைய நகம் வெட்டவில்லை, யாருடைய குதி வெடித்திருக்கிறது என்று பெண்கள் தங்கள் வாங்குகளில் இருந்து கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். பொய் சொல்வானேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருடம் அது. தெரிவான பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு அம்மை போட்டுவிட்டது. கடைசி நேரத்தில் அந்த இடத்துக்கு றேமண்டை இழுத்து உட்கார வைத்தார்கள். றேமண்ட் கோயில் பாண்ட் வாத்தியத்தில் கொர்னெட் ஊதுகிறவர். கலியாணம் கட்டாதவர், எங்கள் ஒழுங்கைக் கடைசியில் தனியாக இருந்தார். எந்நேரமும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோடு திரிகிற மனிதர் என்பதால் அவருடைய வெறுங்காலை ஒருவரும் கண்டதில்லை.

சுவாமியாருக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கூசாவோடு நின்றவர் என் அத்தான் ஒஸ்வால்ட், என் அக்கா நேசத்தின் புருஷன். துறைமுகத்தில் ஒரு கப்பல் கொம்பனியின் கிட்டங்கியில் கிளாக்கர். கோயிலில் எந்தக் காரியம் என்றாலும் முன்னுக்கு நிற்கிறவர். நான் கிராண்ட்பாசில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். அம்மா அப்பா போன பிறகு அக்கா வீட்டில்தான் இருந்தேன். அதனால் பிறகு நடந்ததெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது.

றேமண்டின் முறை வந்தது. சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினார். சுவாமியார் குனிந்தார். அத்தான் கூசாவைச் சரித்தார். சரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் சுவாமியாரின் கையில் விழுந்து, தாம்பாளம் நிரம்பி, நிலத்தில் ஓடி, அங்கியின் விளிம்பை நனைத்தது. "போதும் ஒஸ்வால்ட், போதும்" என்று சுவாமியார் சொன்னது வாங்குகளில் இருந்த எங்களுக்கும் கேட்டது. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது.

அத்தான் பார்த்தது றேமண்டின் பாதத்தின் உட்பக்கத்தை. கணுக்கால் மொளிக்குக் கீழே, கொஞ்சம் முன்னுக்கு, தோலுக்கு அடியில் ஒரு முண்டு. கொட்டைப்பாக்கு அளவு இருக்கும். இன்னொரு மொளி முளைத்த மாதிரி.

அத்தானின் மகள் டோரினுக்கும் வலது காலில் அதே இடத்தில் அதே முண்டு இருந்தது. அவருக்கு ஒரே பிள்ளை அவள். பதினொரு வயது.

டோரினுக்கு அது பிறந்தபோது இருக்கவில்லை. ஒன்பது பத்து வயதில்தான் மெல்ல மெல்ல வெளியே தெரிந்தது. கொன்வென்ட் சப்பாத்து அந்த இடத்தில் உரசிச் சிவந்து போகும். அக்கா எண்ணெய் சூடாக்கித் தடவுவாள். சில நாட்களில் அத்தானே பிள்ளையின் காலை மடியில் தூக்கி வைத்துத் தடவுவார். "என்ர பிள்ளைக்கு மட்டும் ஆண்டவர் ஒரு மொளி கூடக் குடுத்திருக்கிறார்" என்று பகிடி பண்ணுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக் கப்பல்களைக் காட்டப் போவார். அவள் வளர்ந்து பாரமாகிவிட்ட பிறகும் அப்படித்தான். அந்த மனிதன் பிள்ளைமேல் உயிராக இருந்தவர். அதை நான் மறைக்க மாட்டேன். அதனால்தான் எனக்கு அவர்மேல் இத்தனை ஆத்திரம்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் இருந்தது. அக்காவை முதலில் பெண் கேட்டு வந்தவர் றேமண்ட். "கொர்னெட் ஊதுறவனுக்குப் பிள்ளையைக் குடுத்தா அவளுக்குக் காத்துத்தான் மிச்சம்" என்று எங்கள் அப்பா ஒரே வசனத்தில் அனுப்பிவிட்டார். அடுத்த வருடம் ஒஸ்வால்டின் சம்பந்தம் வந்தது. அக்காவும் றேமண்டும் அதற்கு முன்னும் பின்னும் கோயில் வாசலில் "சுகமோ" என்று கேட்டதைத் தவிர வேறு பேச்சுப் பேசியதில்லை. அத்தானுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் கட்டினார். அந்தக் கதை அவர் மனதின் அடியில் எங்கேயோ படிந்து கிடந்திருக்கிறது போலிருக்கிறது. அந்தக் கூசாத் தண்ணீர் அதைக் கலக்கிவிட்டது.

பாஸ்குத் திருநாள் வந்து போனது. அத்தான் வாய் திறக்கவில்லை. எங்களுக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. கோயிலில் தண்ணீரைக் கொட்டின வெட்கம் என்று நினைத்தோம். ஆனால் அவர் காலைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். டோரின் குளித்துவிட்டுச் சீமெந்துத் தரையில் நடந்தால் அவர் போய் அந்த ஈரத் தடத்தைக் குனிந்து பார்ப்பார். அவளுடைய தடம் உட்பக்கம் நிரம்பி முழுப் பாதமாக விழும். பிறகு தன் காலை நனைத்துப் பக்கத்தில் வைப்பார். அவருடையது நடுவில் நன்றாகக் குடைந்து, குதியும் விரலும் மட்டும் விழும். ஒருநாள் காரணம் சொல்லாமல் நுகேகொடையில் இருக்கிற தமக்கை வீட்டுக்குப் போய்வந்தார். அவளுடைய காலையும் அவளுடைய பிள்ளைகளின் கால்களையும் பார்க்கத்தான் போனார் என்று பிறகு தெரிந்தது. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் முண்டு இல்லையாம். பெரிய கண்டுபிடிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு போட்டு எல்லோரும் உட்கார்ந்த நேரம், அத்தான் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"நேசம், டோரின்ர காலில இருக்கிறது ஆரின்ர எலும்பு?"

அக்கா சிரித்தாள். "என்ன கேள்வி இது? அவளின்ர எலும்புதான்."

"றேமண்டின்ர காலிலயும் அது இருக்கு. அதே இடம், அதே அளவு. நான் கிட்ட நிண்டு பார்த்தனான்."

அக்காவுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் கறுத்துப் போயிற்று. அவள் எழுந்து, டோரினின் சோற்றுக் கோப்பையை எடுத்து அவளுடைய கையில் கொடுத்து, "குசினிக்குள்ள போய்ச் சாப்பிடு பிள்ளை" என்றாள். டோரின் போனாள். எங்கள் வீட்டில் குசினிக்கும் மேசைக்கும் நடுவில் இருந்தது ஒரு துணித் திரை மட்டும்தான்.

"அத்தான், உங்களுக்கு விசரோ?" என்று நான் கத்தினேன். "ஒரு முண்டைப் பார்த்துட்டு இப்பிடிக் கதைக்க வாய் கூசேல்லையா?"

"நீ வாயை மூடு பிலோ. இது புருஷன் பெண்சாதி விஷயம்." அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "நேசம், நாளைக்குக் கொச்சிக்கடைக்குப் போவம். அந்தோனியாருக்கு முன்னால மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு சத்தியம் பண்ணு. பண்ணினா இந்தக் கதையை நான் இனி எடுக்கமாட்டன்."

"பண்ணமாட்டன்" என்றாள் அக்கா.

"ஏன்? பயமோ?"

"நான் ஏன் பயப்பட வேணும்? நான் சத்தியம் பண்ணினா நீங்கள் கேட்டது ஒரு கேள்வி எண்டு ஆயிடும். அது கேள்வியே இல்லை."

நான் பிறகு அவளைத் தனியாகப் பிடித்துக் கெஞ்சினேன். "போய் ஒரு சத்தியத்தைப் பண்ணிவிடன் அக்கா, சனியன் தொலைஞ்சு போகட்டும்." அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "இண்டைக்கு அந்தோனியார், நாளைக்கு ஆர்? ஒருக்கால் பண்ணினா செத்துப்போகும் வரைக்கும் பண்ணிக்கொண்டே இருக்கவேணும்" என்றாள். என் அக்கா மெதுவாகப் பேசுகிறவள். ஆனால் ஒன்று முடிவெடுத்தால் துறைமுகத்துக் கிறேன் வந்தாலும் அசைக்க முடியாது. அந்த நேரம் அவளுடைய பிடிவாதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவள் மறுத்ததையே அத்தான் சாட்சியாக எடுத்துக்கொண்டார். முன் அறையில் படுக்கத் தொடங்கினார். அக்காவோடு மட்டும் முறுகிக்கொண்டிருந்தால் நான் ஒரு வேளை பொறுத்திருப்பேன். டோரினோடும் பேச்சை நிறுத்திவிட்டார். அவள் "பப்பா" என்று கூப்பிட்டால் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பார். பேப்பருக்குக் கீழே கண் மட்டும் அவளுடைய காலில் இருக்கும்.

ஒழுங்கைக்குள் கதை பரவ எத்தனை நேரம் வேண்டும்? ஒருநாள் றேமண்ட் என் பள்ளிக்கூட வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "மிஸ், என்ர காலால ஒரு வீடு குழம்பிப்போச்செண்டு சொல்லுகினம். நான் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. "நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ" என்றேன். அவர் நல்ல மனிதன். தான் போய்விட்டால் நெருப்பு அணைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அந்த மாதமே வீட்டைக் காலி பண்ணி நீர்கொழும்புக்குப் போய்விட்டார். உடனே ஒழுங்கைச் சனம் "குற்றம் இல்லாதவன் ஏன் ஓடுறான்?" என்று கேட்டது. அத்தானும் அதையே கேட்டார். இருந்தால் ஒரு கதை, போனால் ஒரு கதை. சனத்தின் வாயில் விழுந்தவனுக்கு எந்தப் பக்கமும் வழியில்லை.

இதற்கிடையில் டோரினுக்குக் கால்நோ கூடிக்கொண்டே போனது. முன்பு சப்பாத்து உரசினால்தான் நோகும். இப்போது வெறுங்காலோடு நடந்தாலும் நொந்தது. மொளிக்குப் பின்னால் வீங்கியது. பள்ளிக்கூடத்தால் வரும்போது நொண்டினாள். அவளுடைய நடையே மாறியிருந்தது. பாதத்தின் வெளி விளிம்பில் நடந்தாள். உட்பக்கம் நிலத்தில் படாமல் காலைச் சரித்துச் சரித்து வைத்தாள். நோவுக்குப் பயந்து அப்படி நடக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் அத்தான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அறிவித்தார். "வத்தளைப் பக்கம் கன்னியர் மடத்தில போர்டிங் இருக்கு. மதருட்டக் கதைச்சிட்டன். அடுத்த தவணைக்கு டோரின் அங்க போறாள்."

"லீவுக்கு வருவாளோ?" என்று அக்கா கேட்டாள்.

"அங்கயே இருக்கட்டும். லீவிலயும் பிள்ளையள் இருக்கினமாம்."

லீவிலும் மடத்தில் இருப்பது தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். அத்தானுக்கு அது தெரியும். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய சம்மதம் இல்லாமல் பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் தகப்பன் போய் மதரிடம் சொன்னால் அதோடு சரி. அடுத்த தவணை தொடங்க அதிக நாள் இருக்கவில்லை. அதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

வெள்ளவத்தையில் காலி றோட்டுக்குக் கடற்கரைப் பக்கமாகப் பாலசுந்தரம் என்று ஒரு டொக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், சீமையில் எலும்பு வைத்தியம் படித்து வந்தவர் என்று என்னோடு படிப்பிக்கிற டீச்சர் ஒருத்தி சொன்னாள். நான் டோரினைக் கூட்டிக்கொண்டு கோட்டையில் ரயில் ஏறிப் போனேன். அவர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, முதலில் எக்ஸ்ரே படம் எடுத்து வரும்படி அனுப்பினார். படம் கைக்கு வந்த அன்று நான் அத்தானுக்கு முன்னால் போய் நின்றேன்.

"படத்தில எலும்பு வடிவாத் தெரியுது. டொக்டரிட்ட வந்து நீங்களே கேளுங்கோ, இது ஆரிட்ட இருந்து வந்ததெண்டு. அவர் சொல்லுறதைக் கேட்டுட்டு வந்து பிள்ளையை அனுப்புங்கோ."

அவர் தீர்ப்புக் கேட்கப் போகிறவர் மாதிரிக் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். தனக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு வரும் என்று நினைத்தார் என்பது அவருடைய நடையிலேயே தெரிந்தது. நான் பயந்துகொண்டுதான் போனேன். டொக்டர் என்ன சொல்வார் என்று எனக்கு மட்டும் தெரியுமா?

பாலசுந்தரம் டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு டோரினைப் பார்த்தார். "பிள்ளை, அந்தச் சுவர்மட்டும் நடந்து வாரும்."

டோரின் நடந்தாள். வெளி விளிம்பில், சரித்துச் சரித்து.

"இப்ப குதியை உயர்த்தி நுனிக்காலில நில்லும்." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வலது குதி பாதிதான் எழும்பியது. "சரி, இரும். ஏன் பிள்ளை காலைச் சரிச்சு நடக்கிறீர்? நோகுதெண்டோ?"

டோரின் இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப ஏன்?"

"அப்பிடி நடந்தா முண்டு வெளியில தெரியாது."

அத்தான் கதிரையில் அசைந்து உட்கார்ந்தார். எனக்கு அந்த நேரம்தான் விளங்கியது. ஒரே வீட்டில் இருந்து, ஒவ்வொரு நாளும் பார்த்து, எனக்கு விளங்கவில்லையே.

டொக்டருக்கு இதன் உட்பொருள் தெரியாது. அவர் பாடம் நடத்துகிற உற்சாகத்தில் இருந்தார். தன் கையை வளைத்துக் கவிழ்த்து மேசையில் வைத்தார். "பாதத்தின்ர உட்பக்கம் ஒரு பாலம். இஞ்சால குதி, அங்கால பெருவிரலின்ர அடி, ரெண்டும்தான் நிலத்தில ஊண்டும். நடு உச்சியில இருக்கிறது இந்த எலும்பு. படகு மாதிரி இருக்கிறதால படகெலும்பு எண்டு சொல்லுவம். கெண்டைக்கால் தசையில இருந்து ஒரு நாண் இறங்கி, மொளிக்குப் பின்னால சுத்தி வந்து, இந்தப் படகெலும்பில பிடிக்குது. நாங்கள் எட்டு வைக்கிற நேரமெல்லாம் பாலம் கீழ தாழப் பார்க்கும். இந்த நாண்தான் இழுத்துப் பிடிக்கிறது. விளங்குதே?"

நான் தலையாட்டினேன்.

"சில பேருக்கு நாண் வந்து பிடிக்கிற இடத்தில கூடுதலா ஒரு சின்ன எலும்பு இருக்கும். குழந்தையில அது மெத்தெண்ட குருத்தெலும்பு, வெளியில தெரியாது. ஒன்பது பத்து வயசில எலும்பாகித் துருத்தும். நாணின்ர பாதிப் பலம் அந்தச் சின்ன எலும்பில போயிடும், பாலம் கொஞ்சம் தாழும். அதால பெரிய கரைச்சல் இல்லை. இந்தப் பிள்ளைக்கு நோ கூடினது அதால இல்லை, அதை ஒளிக்கிறதால. வெளி விளிம்பில நடக்க வேணுமெண்டா அந்த நாணைக் காலமை தொட்டுப் பின்னேரம் வரைக்கும் இழுத்தபடியே வைச்சிருக்க வேணும். அது ஒரு கணமும் ஓயாது. வீங்காமல் என்ன செய்யும்?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "டொக்டர், இது தகப்பனிட்ட இருந்து வாறதோ?"

"வரலாம்."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த வெற்றியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒரு மனிதன் தன் வீடு இடிந்ததை நிரூபித்துவிட்டு அப்படிச் சந்தோஷப்படுவானா?

"தாயிட்ட இருந்தும் வரலாம்" என்றார் டொக்டர். "ரெண்டு பேரிட்டயும் வெளியில தெரியாமல் பிள்ளையில மட்டும் தெரியிறதும் உண்டு."

"எத்தினை பேருக்கு இருக்கும் டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"காலி றோட்டில போற பத்துப் பேரை மறிச்சுச் சப்பாத்தைக் கழட்டச் சொன்னா ஒருத்தருக்காவது இருக்கும். கனபேர் சாகும்வரை அறியாயினம்."

பன்னிரண்டு அப்போஸ்தலரில் ஒருவர் என்று எனக்கு அங்கேயே சத்தம்போட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் அத்தான் விடவில்லை. "இன்னொரு ஆளின்ர காலில, துல்லியமா இதே இடத்தில, இதே அளவில இருக்கு டொக்டர். நான் கண்ணால பார்த்தனான்."

டொக்டர் சிரித்தார். "வேற எந்த இடத்தில இருக்கும் ஐயா? அந்த எலும்பு முளைக்கிற இடம் அது ஒண்டுதானே. மூக்கு இருக்கிறவன் எல்லாருக்கும் முகத்தின்ர நடுவிலதானே இருக்குது." பிறகு படத்தைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார். "பிள்ளையின்ர தாய்க்குக் கால் எப்பிடி? கனநேரம் நிண்டு வேலை செய்தா உட்பக்கம் உளையுமோ?"

அத்தான் மறுபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். தமக்கையின் காலை அவருக்குத் தெரியும். தமக்கை பிள்ளைகளின் கால் தெரியும். றேமண்டின் காலை அளவோடு சொல்வார். கட்டின பெண்சாதியின் கால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"உளையும் டொக்டர்" என்றேன் நான். "ஒவ்வொரு நாளும் பின்னேரம் மொளிக்குக் கீழ அழுத்திக்கொண்டு குந்துறவ. முண்டெண்டு ஒண்டும் தெரியிறேல்லை. சமைச்சுக் களைச்ச கால்நோ எண்டு நாங்கள் நினைச்சம்."

"ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ, படம் எடுத்துப் பார்ப்பம். இருந்தா நான் ஆச்சரியப்படமாட்டன்." அவர் டோரினின் சப்பாத்துக்குள் உட்பக்கம் தாங்குவதற்கு ஒரு தோல் அட்டை வெட்டிக் கொடுத்தார். "பிள்ளை, இனி முழுப் பாதத்தையும் நிலத்தில வைச்சு நடவும். அந்த எலும்பு உம்மட எலும்பு. ஒளிக்கத் தேவையில்லை."

திரும்பும்போது ரயிலில் அத்தான் எங்களுக்கு எதிரே இருந்தார். கொம்பனித் தெரு ஸ்டேசனில் யன்னலால் கச்சான் கடலை வாங்கி டோரினிடம் நீட்டினார். எத்தனை வாரத்துக்குப் பிறகு அவளுக்கென்று அவர் நீட்டின கை அது. டோரின் வாங்கினாள். "தேங்ஸ் பப்பா" என்றாள். யாரோ ஒரு அந்நியர் கொடுத்ததுபோல மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். ஒன்றைக்கூட உடைத்துத் தின்னவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக்குப் போனார். அக்கா அம்மிக்கு முன்னால் நின்று சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"நேசம், டொக்டர் உன்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர். காலைப் படம் எடுக்க வேணுமாம். உனக்கும் அது இருக்கலாமாம்." அவருடைய குரல் குழைந்திருந்தது. அழுகைக்குக் கிட்ட வந்திருந்தது என்றும் சொல்லலாம். "இருந்தா எல்லாம் சரி நேசம். எல்லாம் முடிஞ்சிடும்."

அக்கா கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள். "இல்லாட்டி?" என்று கேட்டாள்.

அத்தான் கோட்டின் பொத்தானைத் திருகினார்.

"எலும்பு வந்து எனக்குச் சாட்சி சொல்லத் தேவையில்லை. நான் வரமாட்டன்."

நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். இந்த முறை அக்காவிடம் போய்க் கெஞ்ச எனக்கு மனம் வரவில்லை. அவள் சொன்னதன் நியாயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தான் அம்மியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் டொக்டர் சொன்னதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பார். இனி அவர் ஒரு சாட்சியும் இல்லாமல் நம்ப வேண்டும், அல்லது ஒரு சாட்சியும் இல்லாமல் சந்தேகப்பட வேண்டும். எது என்று அவருடைய முகத்தில் நான் தேடினேன். கடைசியில் அவர், "சரி நேசம். வர வேண்டாம். நான் இனிக் கேக்கமாட்டன்" என்றார். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு நெஞ்சு பிளந்திருக்க வேண்டும்.

பிறகு முன் அறைக்கு வந்தார். டோரின் கட்டிலில் இருந்தாள். அவர் அவளுக்கு முன்னால் நிலத்தில் குந்தினார்.

"மகள், மடத்துக்குப் போக வேண்டாம். பப்பா நாளைக்குப் போய் மதருட்டச் சொல்லிப்போட்டு வாறன். நீ இஞ்சயே இரு."

டோரின் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. அழவும் இல்லை. அவளுடைய றங்குப்பெட்டி கட்டிலுக்குக் கீழே ஏற்கனவே அடுக்கிக் கிடந்தது. நாங்கள் அடுக்கவில்லை.

"இல்லை பப்பா, நான் போறன்."

"ஏன் ராசாத்தி? நான்தான் வேண்டாமெண்டு சொல்லுறனே."

அவள் இரண்டு பாதத்தையும் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அங்க ஒருத்தரும் என்ர காலைப் பார்க்கமாட்டினம்."

அத்தான் எழுந்திருக்கவில்லை. அப்படியே குந்தினபடி, அவளுடைய பாவாடை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குசினியில் இருந்து வந்து வாசலில் நின்றாள். அடுத்த தவணை தொடங்கியபோது வத்தளைக்குக் கொண்டுபோய் விட்டவள் நான். லீவுக்கும் அவள் வீட்டுக்கு வரச் சம்மதிக்கவில்லை.